கோழிகளைக் கழித்து

வாசலில் உள்ள எண்ணும் கருவிக்கு
ஆள் எது, கோழி எது என்று தெரியாது.
முழங்காலுக்குக் கீழே ஒரு கதிர்;
எது குறுக்கே போனாலும் ஒன்று.
சென்ற மாதம் எண்ணூற்றுப் பன்னிரண்டு வருகையாளர்கள்.
அதில் காட்டுக்கோழிகள் எத்தனை என்று
அலுவலகத்திலிருந்து பெய் ஷான் கேட்டாள்.
பாதி இருக்கும் என்றேன்.
கழித்துக் காட்டு என்றாள்.
கழித்தால் நாமும் கழிந்துபோவோம் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. நல்லவள்தான்.
வருடக் கணக்கு முடிகிற மார்ச்சில்
யாருமே சிரிப்பதில்லை.

மலைச்சரிவில் மழைமரங்களுக்குக் கீழே
தகரக் கூரை போட்ட பள்ளம் எங்களுடையது.
அடியில் உடைந்த பச்சைக் கிண்ணங்கள்,
நீலக் கண்ணாடி மணிகள்,
யாரோ சோறாக்கிய கரி.
எழுநூறு வருடம் என்று எழுதியிருந்தது பலகையில்.
வெயில் 'எழு'வைத் தின்றுவிட்டது.
இப்போது தமிழில் மட்டும் நூறு வருடம்;
மற்ற மூன்று மொழிகளில் வயது குறையவில்லை.
புதுப் பலகைக்கு மூன்று விலைப்புள்ளி வாங்கி
போன ஜூலையில் அனுப்பினேன்.

பருவமழையில் பள்ளத்தின் சுவர் வியர்க்கும்.
கறுப்பு அடுக்கு, செம்மண், மறுபடி கறுப்பு,
அதன்மேல் ஒரே இரவில் பாசி.
ஜபருல்லா பல்துலக்கும் தூரிகையால் எடுப்பான்.
கப்பல் பட்டறையில் பத்து வருடம்
துருவைச் சுரண்டிய கை அது.
இங்கே வந்து சுரண்டாமலிருக்கப் பழகியது.
அவனுக்கு வாரம் ஆறு நாள் வேலை இருந்தது.
பிறகு நான்கு.
பிறகு இரண்டு.
பாசிக்கு அந்தச் சுற்றறிக்கை போகவில்லை.

இரவில் பம்பை நிறுத்தச் சொன்னார்கள், மின்கட்டணம்.
நவம்பரில் ஒருநாள், விடிகாலை மூன்று மணி, இடி.
பிடோக் வீட்டில் எழுந்து உட்கார்ந்தேன்.
பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால்
ஒரு குழியில் நீர் ஏறுவது காதில் விழுமா?
விழுந்தது.
டாக்சிக்கு இருபத்து மூன்று வெள்ளி நாற்பது காசு.
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாமல்
எழுதாமலே விட்டேன்.

ஏப்ரலில் பணிவான கடிதம் ஒன்று:
பாதிப் பள்ளத்தை மூடலாம்.
துணி விரித்து, மேலே கழுவிய மணல்.
மண்ணுக்குள் இருப்பதே பாதுகாப்பு என்று
வல்லுநர் எழுதியிருந்தார். பொய்யில்லை.
எழுநூறு வருடம் ஒரு காசு கேட்காமல்
காத்தது மண்.
காப்பதற்கு அல்ல செலவு,
காட்டுவதற்கு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
குழியில் போடப் பதினெட்டு கனமீட்டர்.
மணலுக்கும் டெண்டர்.
அதுவும் எங்கோ ஒரு கரையில்
குழி விட்டுத்தான் வந்திருக்கும்.

மூடுவதற்கு முந்தின நாள்
மழைக்கு ஒதுங்கினான் உணவு கொண்டுபோகும் பையன்,
தலைக்கவசமும் முதுகில் சூடான பையுமாக.
கீழே என்ன அக்கா என்றான்.
அடுப்பு என்றேன்.
கம்பியைப் பிடித்துக் குனிந்து
கரியை நெடுநேரம் பார்த்தான்.
யாருக்கு ஆக்கினாங்களோ, என்றான்,
போய்ச் சேர்ந்துச்சா தெரியலையே.
அவன் போன் இரண்டுமுறை அடித்தது.
மூன்றாம் முறைதான் எடுத்தான்.

துணிமேல் இந்த வருடத்து நாணயம் ஒன்று வைக்கவேண்டும்.
இதுவரை வந்தோம், இங்கே நிறுத்தினோம் என்று
அடுத்துத் தோண்டுகிறவருக்குச் சொல்ல. அது முறை.
இருபது காசுக்கும் தலைப்பு இல்லை.
ஜபருல்லா தன் பையைத் துழாவி எடுத்தான்,
வருடத்தைச் சரிபார்த்தான்,
சிங்கமும் புலியும் மேலே பார்க்க வைத்தான்.
லாரி பின்னால் நகரும் ஒலி.

மறுபாதி இன்னும் திறந்திருக்கிறது.
செவ்வாய், சனி. பத்து முதல் நான்கு.
இன்று மழை விட்டதும்
ஒரு கோழி ஏழு குஞ்சுகளோடு உள்ளே போகிறது.
குஞ்சுகள் கதிருக்கு அடியில் நுழைந்துவிடுகின்றன.
ஒன்று, என்கிறது கருவி.